பொதுமக்கள் ஒருமனதாக வரவேற்றனர்

உப்புமேட்டுத் தெரு,
எண்ணூர்.
14 ஜூலை 2025

கர்த்தருடைய கிருபையால் பெரிய உத்தியோகத்தில் இருக்கிற என் தம்பி ஜெபசிங்குக்கு,

நானும் உன் அத்தானும் சுகம். நீயும் ஷெர்லினும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். இத்தனை மீட்டிங் போடுகிற அரசாங்கத்தால் எங்கள் தெருக் குழாயில் ஒரு குடம் தண்ணீர் வரவைக்க முடியவில்லை. கடிதத்தை யாரும் பாதியில் கட் பண்ண முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் கோயில் பள்ளிக்கூட ஹாலில் நீ நடத்தினாயே, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், அதைப் பற்றித்தான். நீ மேடையில் இருந்தாய். நான் பெண்கள் பக்கம் ஏழாவது பெஞ்சில் இருந்தேன். மேடையிலிருந்து தெரிந்தது வேறு, பெஞ்சிலிருந்து தெரிந்தது வேறு. ஆகையால் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வரப்போகிற அனல்மின் நிலையத்துக்கு எங்கள் தெருவுக்குப் பின்னால் சாம்பல் குளம் வெட்ட வேண்டும், அதற்கு ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கத்தான் கூட்டம். நாங்கள் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தோம். இருக்கிற சாம்பலே போதும். காலையில் பெருக்கின வாசலை மத்தியானம் திரும்பப் பெருக்குகிறோம். என் வீட்டுக் கணக்கில் துடைப்பம் அரிசியோடு போட்டி போடுகிறது. எதிர்வீட்டுப் பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் தெருவுக்கே கேட்கும்.

காண்டிராக்டர் பக்தவச்சலம் ஒரு மணி நேரம் பேசினான். கம்பெனிக்காரர் படம் போட்டுக் காட்டினார். அந்தப் படத்தில் சாம்பல் குளத்தைச் சுற்றிப் பச்சைப் புல்லும் இரண்டு கொக்கும் இருந்தன. அப்புறம் நீ எழுந்தாய். "இந்த மண்ணும், இந்த மண்ணில் வாழும் குடும்பங்களும், இவர்கள் பிள்ளைகளும், பிள்ளைகளின் பிள்ளைகளும் எல்லா நன்மையும் பெற்றுச் செழித்திருக்க வேண்டும்" என்றாய். குரலை இறக்கினாய். வலது கையைத் தூக்கினாய். ஒரு மூச்சு நிறுத்தினாய்.

ஹால் முழுக்க "ஆமென்" என்றது.

பின்னே என்ன சொல்லும்? அதே ஹாலில்தான் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் ஜெபக்கூட்டம். கையைத் தூக்கி, பிள்ளைகளின் பிள்ளைகள் என்று முடித்தால் எங்கள் வாய் தானாகத் திறக்கும். நமக்கு அது மூச்சு மாதிரி. எங்கள் தெருவில் மீன் விற்கிற சொக்கம்மாள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள், அவள்கூடச் சொன்னாள். கேட்டதற்கு, "எல்லாரும் சொன்னாங்கோ, நா மட்டும் கம்முனு குந்திகினு இருந்தா மரியாதையா இருக்குமா?" என்றாள்.

உடனே நீ "நன்றி, கூட்டம் நிறைவுற்றது" என்று மைக்கை அணைத்தாய். எங்களில் பேசப் பெயர் எழுதிக்கொடுத்தவர்கள் எழுதிக்கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தோம்.

நேற்று வார்டு ஆபீஸ் பலகையில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பை ஒட்டியிருக்கிறார்கள். "கூட்டத்தில் கலந்துகொண்ட பொதுமக்கள் இத்திட்டத்தினை ஒருமனதாக வரவேற்றனர்." கீழே உன் கையெழுத்து. நம் அப்பா மாதிரியே ஜெ-யைச் சுழித்துப் போடுகிறாய்.

இந்தக் குறிப்பு டெல்லிக்குப் போனால் குளம் வெட்ட உத்தரவு வந்துவிடும் என்கிறார்கள். அந்த ஒரு வரியை அடித்துவிடு. வேறொன்றும் கேட்கவில்லை.

உன் அக்கா
பெர்சிஸ்

*

22 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. படித்ததும் குறைந்துவிட்டது.

அக்கா, உனக்கு அரசாங்கம் என்றாலே இளப்பம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் நிதானமாக யோசி. பெரியம்மை எப்படிப் போயிற்று? போலியோ எப்படிப் போயிற்று? உன் பிள்ளைகள் இலவசமாகப் படித்தது யாரால்? வண்ணாரப்பேட்டைக்கு அத்தான் கடைச் சரக்கு எடுக்க மெட்ரோவில் ஏ.சி.யில் போய் வருகிறாரே, அது வானத்திலிருந்து விழுந்ததா? ஒரு நாட்டின் வரலாறு என்பதே அரசு செய்த வேலைகளின் வரலாறுதான். வேலை நடக்கும்போது கொஞ்சம் தூசி பறக்கும். மின்சாரம் வேண்டும், சாம்பல் வேண்டாம் என்றால் எப்படி?

குறிப்பைப் பற்றிச் சொல்கிறாய். கூட்டத்தில் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. இருந்தவர்கள் ஒரே குரலில் சம்மதம் தெரிவித்தார்கள். அதை அப்படியே எழுதினேன். ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்றுதானே பொருள்? அவர்கள் மனதில் என்ன நினைத்தார்கள் என்று எழுத எந்த விதியிலும் இடமில்லை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு வந்தவர்கள். பொட்டலம் தருகிறவன் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஜனம். இருபத்திரண்டு வருஷமாக இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவர்களுக்காக நீ ஏன் ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்கிறாய்? மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

ஷெர்லின் உன் கருவாட்டுக் குழம்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புத் தம்பி
ஜெபசிங்

*

எண்ணூர்
27 ஜூலை 2025

தம்பி ஜெபசிங்குக்கு,

மாத்திரை போடுகிறேன். அதுவும் காசு கொடுத்து வாங்கின மாத்திரை. உன் அரசாங்க ஆஸ்பத்திரியில் "அடுத்த வாரம் வாம்மா" என்று ஆறு வாரமாகச் சொல்கிறார்கள்.

வரலாறு சொல்லித் தருகிறாய். சந்தோஷம். நீ குரூப் ஒன் பரீட்சைக்குப் படித்தபோது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டது யார் என்று மறந்துவிட்டாய் போல. மக்கள்நல அரசு என்றால் என்ன என்று நான் கேட்பேன், நீ கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாய். நீ பாஸ் பண்ணினதும் மறந்துவிட்டாய். எனக்கு இன்னும் மறக்கவில்லை, அதுதான் கஷ்டம்.

திருவொற்றியூர்க் கோயில் சுவர் முழுக்க ராஜாக்கள் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களாம், யாருக்கு எந்த நிலம் கொடுத்தோம் என்று. கொடுத்ததை வெட்டினார்கள். எவனிடமிருந்து எடுத்தார்கள் என்று ஒருவனாவது வெட்டினானா? அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். காற்று வாங்க எண்ணூரில் பங்களா கட்டினான், உப்புக்கு வரி போட்டான். போகும்போது காற்றையாவது விட்டுவிட்டுப் போனான். அதன்பிறகு நம்முடைய சொந்த ஆட்சி. நீங்கள் அந்தக் காற்றில் சாம்பலைப் போட்டீர்கள். ஆளுக்கு ஆள் கொடி மாறுகிறது, கரை வேட்டி மாறுகிறது. அரசாங்கம் என்பது எல்லாக் காலத்திலும் ஒரே ஆள்தான், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறான். புயல் வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றோமே, அன்றைக்கு எங்களைத் தூக்கினது மீன்காரர்கள் படகு. உன் ஆட்கள் தண்ணீர் வடிந்த பிறகு வந்தார்கள், எத்தனை பேர் நனைந்தோம் என்று எழுதிக்கொள்ள.

போலியோ சொட்டு மருந்துக்கு நன்றி. வாங்கிக்கொண்டோம். அதற்காகப் பிள்ளையின் நுரையீரலை எழுதித் தர வேண்டும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

பொட்டலத்துக்கு வந்த ஜனம் என்றாயே. சொக்கம்மாளிடம் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதுதான், ஆனால் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். "உன் தம்பிக்கு சொல்லு பெர்சிஸம்மா, அந்தப் பிரியாணில பீஸே இல்ல. குஸ்காவுக்கா எங்கள வித்துட்ட நீ? ஒரு லெக் பீஸாவது வாங்கிக் குட்த்துருக்கலாம்ல, நைனா!" என்றாள். அத்தானும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இரண்டு மூன்று நாளாக என் மனதில் ஒன்று முள்ளாகக் குத்துகிறது. அதைக் கேட்டுவிடுகிறேன். நம் அப்பா ஊர் ஊராகப் போன உபதேசியார். எந்த ஜெபத்தையும் அவர் அப்படித்தான் முடிப்பார். பிள்ளைகளின் பிள்ளைகள் என்பார், குரலை இறக்குவார், வலது கையைத் தூக்குவார், ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சில் ஜனங்கள் ஆமென் சொல்வார்கள். இருபது வயசு வரைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன் நீ. அந்த இடத்தில் ஜனம் என்ன சொல்லும் என்று உனக்குத் தெரியாதா?

பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது என்றால் சொல், நம்புகிறேன். எங்கள் வாய் தானாகத் திறக்கவில்லையா? உன் கையும் அப்படித்தான் போயிருக்கும் என்று விட்டுவிடுகிறேன்.

தெரிந்து தூக்கினாயா, தெரியாமல் தூக்கினாயா? இதற்கு மட்டும் பதில் போடு.

உன் அக்கா
பெர்சிஸ்

*

அனுப்புநர்
திரு. ஜெபசிங்,
கூட்டத் தலைமை அலுவலர்

பெறுநர்
திருமதி பெர்சிஸ்,
உப்புமேட்டுத் தெரு, எண்ணூர்

நாள்: 18.08.2025

அம்மையீர்,

பொருள்: மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் – நடவடிக்கைக் குறிப்பில் திருத்தம் கோரியது – தொடர்பாக.

பார்வை: தங்கள் கடிதங்கள் நாள் 14.07.2025 மற்றும் 27.07.2025.

பார்வையில் காணும் தங்கள் மனுக்கள் பரிசீலிக்கப்பட்டன. மேற்படி கூட்டம் உரிய விதிமுறைகளின்படி நடத்தப்பட்டு, முழுவதும் காணொளியாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. நடவடிக்கைக் குறிப்பில் திருத்தம் செய்ய முகாந்திரம் ஏதுமில்லை எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. இத்துடன் தங்கள் மனுக்கள் முடிவு செய்யப்படுகின்றன.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

*

எண்ணூர்
30 செப்டம்பர் 2025

தம்பிக்கு,

அக்கா எழுதின கடிதத்துக்கு நம்பர் போட்டு, மனு என்று பெயர் வைத்து, முடித்தும் வைத்துவிட்டாய். தபால்காரர் நீட்டினபோது வீட்டு வரி நோட்டீஸ் என்று நினைத்தேன். "மாத்திரை போடுகிறாயா" என்று அதிலும் ஒரு வரி இருக்குமோ என்று பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

ஆனால் ஒரு உபகாரம் செய்தாய். கூட்டத்தை வீடியோ எடுத்தது எனக்கு ஞாபகமே இல்லை. நீதான் எழுதினாய். உடனே தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டேன். ஒரு மாதம் இழுத்து சிடி அனுப்பினார்கள். இந்தக் காலத்தில் சிடி போட யாரிடம் மிஷின் இருக்கிறது? சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கணக்கெழுதுகிற மொஹ்சின் தம்பி ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. நான், சொக்கம்மாள், இன்னும் நான்கு பெண்கள், அந்த எண்ணெய்ப் பிசுக்கு ரூமில் நின்றுகொண்டே பார்த்தோம்.

முதலில் எங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். "ஐயே, என் மூஞ்சப் பாரு, கலீஜா கீறேன்" என்று சொக்கம்மாள் ஒரே கூத்து. ஆரம்பத்தில் ஹாலை ஒரு சுற்றுக் காட்டின காமிரா, அப்புறம் மேடையைத்தான் பார்க்கிறது. பக்தவச்சலம் பேசுகிறான், கொக்குப் படம் வருகிறது, நீ எழுகிறாய். "இந்த மண்ணும்" என்று ஆரம்பிக்கிறாய்.

அங்கே நீ ஒரு காரியம் செய்கிறாய் ஜெபா. பேச்சை நிறுத்தாமலே இடது கைவிரலைக் கீழே ஆட்டி, காமிராக்காரனுக்கு ஜாடை காட்டுகிறாய். எங்கள் பக்கம் திருப்பச் சொல்லி. அவன் திருப்புகிறான். காமிரா எங்கள் மேல் வந்து நின்ற பிறகுதான் நீ குரலை இறக்குகிறாய். நீ தூக்கின வலது கை படத்தில் இல்லை. எங்கள் வாய் மட்டும் இருக்கிறது. திறந்தபடி.

மொஹ்சின் இரண்டாம் தடவை ஓட்டினான். யாரும் சிரிக்கவில்லை. சொக்கம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வுடு பெர்சிஸம்மா, வேற ஜாடையா இருக்கும்" என்றாள். உனக்காக அவள் பொய் சொன்னாள், நீ பொட்டலம் என்று எழுதினாயே, அவள்.

சிடியோடு ஒரு மனு எழுதி டெல்லியில் குளத்துக்கு உத்தரவு கொடுக்கிற குழுவுக்கே அனுப்பப் போகிறேன். தெருவில் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள். தலைமை அலுவலர் என் கூடப்பிறந்த தம்பி, அவர் கை தூக்கினது எங்கள் அப்பா ஜெபம் முடிக்கிற விதம், அது அவருக்குத் தெரியும் என்று என் பெயரில் எழுதியிருக்கிறேன். உன் முதுகுக்குப் பின்னால் அனுப்ப மனசு வரவில்லை. அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்.

உன் அக்கா
பெர்சிஸ்

*

6 அக்டோபர் 2025

அக்கா,

இதை ஆபீஸ் தாளில் எழுதவில்லை. டைப் அடிக்கவும் கொடுக்கவில்லை. படித்துவிட்டுக் கிழித்துவிடு.

ஆமாம். தெரிந்துதான் தூக்கினேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மேலிருந்து போன். எதிர்ப்பு இல்லாமல் முடித்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எத்தனை லாரி போலீஸ் வேண்டும் என்று கேட்டார்கள். இதற்கு முந்தின மாவட்டத்தில் இதே மாதிரி ஒரு கூட்டம் பார்த்தேன். நாற்காலி பறந்தது, லத்தி வந்தது. உன் வயசுப் பெண் ஒருத்தியை மண்டை உடைந்து ஜீப்பில் ஏற்றினோம். அவள் கணக்கு எந்தக் குறிப்பிலும் இல்லை. உங்கள் தெருவில் அது நடக்க வேண்டுமா? ஏழாவது பெஞ்சில் நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போலீஸை வைத்து முடிப்பதைவிட அப்பாவை வைத்து முடிப்பது மேல் என்று நினைத்தேன். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லாரும் சாப்பிட்டு வீட்டுக்குப் போனீர்கள். நிர்வாகம் என்றால் அதுதான் அக்கா. ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று முன்னாலேயே தெரிந்துவைத்திருப்பது.

நீங்கள் வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் குளம் வரத்தான் போகிறது. எங்கே வரும், யார் வெட்டுவார்கள் எல்லாம் எப்போதோ முடிவானது. கூட்டம் ஒரு சடங்கு. இது தெரியாமல் நீ ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கிறாய்.

மனுவை அனுப்பாதே. என் பதவி உயர்வுப் பட்டியல் இந்த மாதம் மேலே போகிறது. உன்னைப் பார்த்துக் கேட்கிறேன், வேறு யாரையும் இப்படிக் கேட்டதில்லை.

உன் தம்பி
ஜெபா

*

எண்ணூர்
9 மார்ச் 2026

ஜெபசிங்குக்கு,

உன் கடிதம் வந்தபோது மனு தபாலில் போய்விட்டிருந்தது. போகாமல் இருந்தாலும் அனுப்பியிருப்பேன். உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன், கவலைப்படாதே. மனுவுக்குப் பின்னாலேயே அதையும் அனுப்பச் சொன்னார்கள் தெருவில். மாட்டேன் என்றேன். நீ ஜெபா என்று கையெழுத்துப் போட்டிருந்தாய்.

ஐந்து மாதம் உனக்கு எழுதாததற்குக் காரணம், கோபம் ஆறட்டும் என்று பார்த்தேன். ஆறவில்லை.

டெல்லியிலிருந்து பைல் திரும்பி வந்துவிட்டது. திரும்பவும் கூட்டம் நடத்தச் சொன்னார்கள். போன மாதம் நடந்தது, புது அதிகாரி, நாற்பது போலீஸ். லத்தியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள். ஒருவரையும் அடிக்கவில்லை. ஒவ்வொருத்தியாக மைக்குக்குப் போனோம். "பயப்படாமல் பேசுங்கம்மா" என்று அதிகாரி சொன்னதற்கு, "இன்னா சார் பயம்? சாம்பல துன்னுகினு கீறோம், இதுக்கு மேல இன்னா பேஜாரு குட்த்துருவீங்கோ?" என்று சொக்கம்மாள் கேட்டாள். போலீஸ்காரப் பையன்கள்கூடச் சிரித்தார்கள். இந்தத் தடவை பலகையில் "பெரும்பாலானோர் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒட்டியிருக்கிறார்கள். நீ சொன்ன மாதிரி குளம் வந்தாலும் வரும். அப்படி வந்தால் எங்கள் வாயை மீறித்தான் வந்தது என்று ஒரு தாளிலாவது இருக்கும்.

உனக்குப் பதவி உயர்வு கிடைத்து வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது என்று ஷெர்லின் சொன்னாள். கேட்டபோது ஆச்சரியமாக இல்லை. உன் அரசாங்கத்தை நீ புரிந்துகொண்ட அளவுக்கு அதுவும் உன்னைப் புரிந்துகொண்டிருக்கிறது.

லத்தி அடி விழாமல் காப்பாற்றினேன் என்று எழுதியிருந்தாய். அடித்திருந்தால் அடித்தான் என்று எங்களுக்குத் தெரிந்திருக்கும். தைலம் தேய்த்துக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டு, சாயங்காலம் ஜெபத்துக்குப் போயிருப்போம். நீ செய்தது அப்படிப்பட்டதல்ல. எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று ஞாயிறு ஆராதனை. எங்கள் சபைப் போதகர் ஐயர் ஜெபத்தை முடித்தார். நல்ல மனிதர், வஞ்சகம் தெரியாதவர். கையைத் தூக்கினார். குரலை இறக்கினார். நிறுத்தினார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை ஜெபசிங். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். ஐயர் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். பாவம், தான் எதையோ விட்டுவிட்டோம் என்று நினைத்து, கடைசி வரியைத் திரும்பச் சொன்னார். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து நாலைந்து குரல் முனகின மாதிரி வந்தது. பெண்கள் பக்கம் அதுவும் இல்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஐம்பத்தாறு வயசில் முதல் தடவை.

ராஜாவும் வெள்ளைக்காரனும் நிலத்தை எடுத்தார்கள், உப்பை எடுத்தார்கள். எங்களிடம் இந்த ஆமென் இருந்தது என்றே அவர்களுக்குத் தெரியாது. அதை எடுக்க உள்ளே இருந்த ஒருவன் வேண்டியிருந்தது.

ஈஸ்டருக்கு ஷெர்லினையும் பிள்ளைகளையும் அனுப்பு. நீயும் வரலாம், வராதே என்று சொல்ல இது கவர்ன்மென்ட் ஆபீஸ் இல்லை. கருவாட்டுக் குழம்பு வைப்பேன், சாப்பிடு. ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ண உன்னை எழுப்ப மாட்டேன். அப்பாவுக்குப் பிறகு அது உன் இடமாக இருந்தது. இனி நான் பண்ணிக்கொள்கிறேன்.

எப்படி முடிப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

பெர்சிஸ்